எம்முக்கும் டிக்கும் நடுவே

என் கடைப் பலகையில் ‘அரசு ஸ்டிக்கர்ஸ்’ என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு வாரத்துக்கு இரண்டு பேராவது ஆதார் கார்டில் விலாசம் மாற்ற வந்து நிற்பார்கள். என் முழுப்பெயர் திருநாவுக்கரசு, இது என் சொந்தக் கடை, கவர்மென்ட்டுக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று சொல்லிச் சொல்லியே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வருகிறது. ‘அந்த ஆள் சிடுமூஞ்சி’ என்று சதுரங்கப்பட்டினத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஆட்டோவுக்கும் பைக்குக்கும் படகுக்கும் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிற கடை பக்கத்தில் வேறு இல்லாததால் சிடுமூஞ்சியிடமே வந்தாக வேண்டியிருக்கிறது.

காலை ஏழு மணி முதல் ஏழேகால் வரை மட்டும் நான் நல்ல மனிதன். அந்த நேரத்தில் வைஷாலி வருவாள். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் என்ஜினீயர், கோயம்புத்தூர்ப் பெண், எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கிறாள். ஸ்டாஃப் பஸ் என் கடைக்கு எதிரில் நிற்கும். வேலை செய்யும் இடத்துக்குள் போனைக் கொண்டுபோக முடியாது என்பதால், பஸ் வருவதற்குள் அன்றைய ஆட்டத்தை முடித்துவிட வேண்டும் என்று போனை நீட்டிக்கொண்டே படியேறுவாள். ஆட்டம் பெரிய கம்பசூத்திரம் இல்லை. ஐந்து காலிக் கட்டங்கள் இருக்கும். ஐந்து எழுத்துள்ள ஓர் இங்கிலீஷ் வார்த்தையை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாம் போடும் எழுத்து வார்த்தையில் இருந்தால் மஞ்சள், சரியான இடத்திலேயே இருந்தால் பச்சை. நான் பத்தாவதோடு நின்றவன். ஆனால் இருபத்தாறு எழுத்துகளையும் பதினைந்து வருடமாகக் கையால் தடவித் தடவி ஒட்டுகிறவன். வாரத்தில் மூன்று நாள் அந்த என்ஜினீயரம்மாவை ஜெயித்துவிடுவேன். அதில் எனக்குத் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது. அந்தத் தலைக்கனம்தான் இரண்டு குடும்பத்தைப் பிரிக்கப் பார்த்தது.

மாரியும் துரையும் சேர்ந்து புதிதாக ஒரு ஃபைபர் படகு வாங்கினார்கள். மாரி கட்டியிருப்பது துரையின் தங்கை பரிமளாவை. மச்சானும் மச்சானும் ஒரே படகில் போவது எங்கள் குப்பத்தில் சகஜம். சாமி பெயர் வைத்தால் கரையில் ஏற்கெனவே ஏழெட்டுப் படகுக்கு அதே பெயர் இருக்கிறது, ரேடியோவில் கூப்பிட்டால் எல்லோரும் பதில் சொல்வார்கள் என்று, இருவரும் செங்கல்பட்டில் இருக்கும் கோதண்டராமனிடம் போனார்கள். அவர் நியூமராலஜி பார்க்கிறவர். கூட்டிக் கழித்துப் பார்த்து, பெயர் இங்கிலீஷில் இருக்கட்டும், சரியாக ஐந்து எழுத்து, இரண்டு பேருடைய முதலெழுத்தும் உள்ளே வர வேண்டும், வார்த்தைக்கு அர்த்தம் இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு இந்த எண் கணக்கில் துளி நம்பிக்கை கிடையாது. ஆனால் ஊரில் பாதிப் பேர் அதைக் கேட்டுத்தான் பெயரில் எழுத்தைக் கூட்டிக் குறைத்து, பழைய ஸ்டிக்கரைக் கிழித்துப் புதிது ஒட்டுகிறார்கள். அதனால் கோதண்டராமன் நன்றாக இருக்கட்டும்.

அன்று துரை மட்டும் கடைக்கு வந்தான்.

“அண்ணாத்த, அஞ்செழுத்துல ஒரு பேரு வோணும். உள்ள எனக்கு ஒரு டி, மாரிக்கு ஒரு எம். அர்த்தமும் நல்லதா இருக்கணும். நீதான் டெய்லி அந்த பொண்ணாண்ட இன்னமோ வார்த்த ஆட்டம் ஆடிகினு கீறியே.”

அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. யோசிப்பதுபோல் கண்ணை மூடி, அரை நிமிடம் காக்க வைத்து, “ட்ரீம்” என்றேன். டி, ஆர், இ, ஏ, எம். கனவு. துரைக்கு ஒரே சந்தோஷம். மாரியிடம் கேட்டுக்கொள்ளலாமா என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. உச்சி வெயிலில் கரைக்குப் போய், படகின் இடது பக்கம் ஒட்டினேன். ஊரைப் பார்த்திருக்கும் பக்கம் அதுதான். வலது பக்கம் கடலைப் பார்த்திருக்கும். அதைச் சாப்பிட்டுவிட்டு வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போனேன்.

சாம்பாரை ஊற்றிக்கொண்டிருக்கும்போது மாரி போன் செய்தான்.

“இன்னா அண்ணாத்த இது. டி முன்னால போவுது, நான் கடைசில கீறேன். அவனுக்கு வாலு புடிக்கறவனா நானு?”

சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் மீன் வெட்டும் கத்தியால் கனவை முழுக்கச் சுரண்டிவிட்டிருந்தான். சுரண்டிய கையோடு, எம் முன்னால் வருகிற வார்த்தையாகக் கொடு என்று கேட்டான். அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். எங்கே இருந்தேன். “மெடல்” என்றேன். எம், இ, டி, ஏ, எல். மறுநாள் காலையில் அதை இரண்டு பக்கமும் ஒட்டினேன். சாயங்காலம் துரை வந்து பார்த்தான். தன் எழுத்தை நடுவில் போட்டு மாரி நசுக்கி வைத்திருக்கிறான் என்று அவன் ஒரு எழுத்து விடாமல் பிய்த்தான். பிய்த்துக்கொண்டிருக்கும்போதே மாரி வந்துவிட்டான். கரை முழுக்க வேடிக்கை பார்த்தது. “உன் போட்டும் வோணாம், உன் ஒறவும் வோணாம்” என்று துரை சொன்னதை நானே காதால் கேட்டேன்.

அதற்கப்புறம் பதினோரு நாள் இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கவில்லை. புதுப் படகு கடல் தண்ணீரைத் தொடாமல் மணலில் கிடந்தது. உள்ளே நாய் குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். இரண்டு பேரும் வேறு வேறு படகில் கூலிக்குப் போய்வந்தார்கள். நான் அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன். கேட்டவர்களிடம், பெரியவர்கள் சண்டையில் ஸ்டிக்கர்க்காரனுக்கு என்ன வேலை என்று எரிந்து விழுந்தேன். உள்ளுக்குள் குறுகுறுவென்றுதான் இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை, வைஷாலி வருவதற்கு முன்னால் பரிமளா வந்து வண்டியை நிறுத்தினாள். அவள் கரையில் மீன் எடுத்து கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வீடு வீடாக விற்கிறவள். பின்னால் மீன் கூடை கட்டியபடியே இருந்தது.

“ண்ணா, ரெண்டு பேருக்கும் எழுத்து எடுத்துக் குட்தது நீதான?”

“கேட்டாங்க, குடுத்தேன். நான் என்ன அடிச்சுக்கச் சொன்னேனா?”

“அடிச்சிக்க சொல்லல. ஆனா சேத்து வெக்கவும் இல்ல.”

நான் திருப்பிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து மூடிக்கொண்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கங்கையம்மன் கோயிலில் அவளுடைய பாப்பாவுக்குக் காதுகுத்து. பாப்பாவுக்கு மூன்று வயது நடக்கிறது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன் துரை. மாரி நிற்கிற இடத்துக்கு வரமாட்டேன் என்று துரை சொல்லிவிட்டான். அவன் வரவேண்டாம், ஒன்றுவிட்ட மாமன் ஒருத்தர் இருக்கிறார், அவர் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று மாரி சொல்லிவிட்டான்.

“நான் பிள்ள பெக்க செங்கல்பட்டு ஆசுபத்திரில கெடந்தப்போ, எங்கண்ணன் ரெண்டு நாளு வாசல்லயே நின்னுகினு இருந்துச்சு. ஒக்காரக்கூட இல்ல. அது மடி இல்லாம எம் பொண்ணு காதுல கம்பி ஏறாது. ஏத்த வுட மாட்டேன். இத அவராண்ட சொன்னா, நீ உங்கண்ணன் பக்கமான்றாரு. எங்கண்ணனாண்ட சொன்னா, நீ உம் புருசன் பக்கமான்னுது. நான் எந்தப் பக்கம்தான் போவட்டும்?”

சண்டையைக் கிளப்பிய இரண்டு வார்த்தையும் என் வாயிலிருந்து வந்தவை என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. “உட்காரும்மா” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டேன். நான் வாடிக்கையாளருக்கு ஸ்டூல் போட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

வைஷாலி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் அன்றைய ஆட்டத்தை ஓரம் கட்டிவிட்டு, ஒரு பழைய ஸ்டிக்கர் பேப்பரின் பின்பக்கம் ஐந்து கட்டங்களாக வரிசை வரிசையாகப் போட்டாள்.

“எம்மும் டியும் வர்ற வார்த்தை நிறைய இருக்குதுங்க. ஒண்ணொண்ணா பாக்கலாம். மேடம்?”

“அதுல எம் ரெண்டு முனையிலயும் நிக்குது” என்றேன்.

“எங்கண்ணன் போட்டையே கொளுத்திடும்” என்றாள் பரிமளா.

“மாடல்?”

“மெடல் கதைதான். டி நடுவுல மாட்டிக்கும்.”

“டிராமா?”

“அதான் பதினோரு நாளா நடக்குதே” என்றாள் பரிமளா.

“டீமன். பேய்னு அர்த்தம்ங்க.”

“வோணாம். ரெண்டு கீது, போதும்.”

“அட்மிட்?”

“ஆசுபத்திரில சேக்கறதுதான? நல்லா கீது போ.”

இப்படியே பத்துப் பதினைந்து வார்த்தைகள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒருவன் முன்னால் நின்றான், இன்னொருவன் பின்னால் நின்றான். எழுத்துகளை ஒரே இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டவா முடியும். எதிரில் ஸ்டாஃப் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. வைஷாலி எழுந்திருக்கவில்லை. “போனாப் போகுதுங்க, அடுத்த பஸ்ல போய்க்கறேன்” என்று தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தாள். அவள் அப்படி ஒரு பஸ்ஸை விட்டு நான் பார்த்ததே இல்லை.

பரிமளா அந்தக் கட்டங்களையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துகள் தெரியும், சேர்த்துப் படிக்கச் சிரமப்படுவாள். திடீரென்று கேட்டாள்.

“எம் பேருக்கு இன்னா எழுத்து?”

“பி” என்றாள் வைஷாலி.

“அதையும் போடு.”

“ஏம்மா, ரெண்டு எழுத்துக்கே வழியைக் காணோம், நீ வேற மூணாவதா வர்றியா?” என்றேன்.

“ஏன் வரக்கூடாது? அவங்க புட்ச்சிகினு வர்ற மீன விக்கறது யாரு? ரெண்டு பேரு வூட்லயும் சோறு வேவறது எதுல? அவங்க சண்டைக்கு மட்டும் நான் நடுவுல வோணும், போட்டுல வோணாமா? போடுண்ணா.”

வைஷாலிக்கு அது பிடித்துப்போயிற்று. பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து யோசித்தாள். “டம்ப்ஸ்னு ஒண்ணு இருக்குது. ஆனா குப்பை கொட்டறதுங்க. டம்ப்பி, அது குட்டையா குண்டா இருக்கறவங்களைச் சொல்றது.” பரிமளா தன்னை ஒரு முறை கீழே குனிந்து பார்த்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள். நானும் என் பங்குக்கு மண்டையைக் கசக்கினேன். மூன்று எழுத்தும் சேர்ந்து ஒன்றும் வரவில்லை. வைஷாலி அலுத்துப்போய் நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். கடை வாசலில் மீன் கூடையோடு நின்ற வண்டியைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே ஐந்து கட்டங்களையும் நிரப்பினாள். எம், ஓ, பி, இ, டி.

“மொபெட். வெளிய நிக்கற உங்க வண்டிக்கு அதுதானுங்க பேரு.”

பரிமளா விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் பார்த்தாள். முதல் கட்டத்தில் புருஷன், கடைசிக் கட்டத்தில் அண்ணன். நடுக்கட்டத்துக்கு வந்ததும் விரல் அங்கேயே நின்றது.

“கடல்ல போறதுக்கு மொபெட்னு பேரா? ஊரே சிரிக்கும்” என்றேன்.

“சிரிக்கட்டும். கடல்லேந்து கரைக்கி மீனு அதுல வரும். கரையிலேந்து டவுன்ஷிப்புக்கு இதுல போவும். ரெண்டும் மொபெட்டுதான், இன்னா தப்பு?”

அவள் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று கோதண்டராமனுக்குப் போன் போட்டேன். மூன்றாவது எழுத்து ஒன்று நடுவில் வரலாமா என்றும், யார் எழுத்து முதலில் வர வேண்டும் என்றும் கேட்டேன். “ஐந்து எழுத்து இருக்கா? ரெண்டு பேரும் உள்ளே இருக்காங்களா? நடுவுல யார் வந்தா எனக்கென்ன. வரிசையைப் பத்தி நான் வாயே திறக்கலையேப்பா” என்று வைத்துவிட்டார். அந்த ஒரு கேள்வியைப் பதினோரு நாளாக ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை.

ஆனாலும் எம்தான் முன்னால் இருந்தது. துரை மறுபடியும் பிய்ப்பான் என்று சொன்னேன். “நீ ஒட்டு. அப்பால பாத்துக்கலாம்” என்று பரிமளா வண்டியைக் கிளப்பினாள்.

மறுநாள் விடிந்ததும் கரைக்குப் போனேன். நாய்க்குட்டிகளைப் பரிமளா தூக்கி வேறு இடத்தில் விட்டிருந்தாள். படகு அணியத்தை, அதாவது அதன் மூக்கை, வடக்கே நீட்டிக்கொண்டு கிடந்தது. முதலில் இடது பக்கம் ஒட்டினேன். அந்தப் பக்கம் நின்று பார்த்தால் அணியம் என் இடக்கைப் பக்கம் வரும். அதனால் எம் அணியத்தை ஒட்டி வந்தது, டி பின்னால் போனது. மாரி பார்த்தால் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு கடலைப் பார்த்த வலது பக்கம் போனேன். எம்மை ஒட்டினேன், ஓ, பி, இ ஒட்டினேன். டியை ஒட்டித் துணியால் தேய்த்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து பார்த்தேன்.

அணியத்துக்குப் பக்கத்தில் டி இருந்தது.

ஒரு நிமிடம் எனக்கே புரியவில்லை. அந்தப் பக்கம் நின்றால் அணியம் வலக்கைப் பக்கம். எழுத்தோ எந்தப் பக்கமானாலும் இடமிருந்து வலமாகத்தான் ஓடும். அதனால் இந்தப் பக்கம் எம் பின்னால் போய்விட்டது, டி முன்னால் வந்துவிட்டது. ஒரு பக்கம் மாரி முன்னால் போகிறான், மறுபக்கம் துரை முன்னால் போகிறான். பதினைந்து வருடமாக எத்தனை படகுக்கு இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறேன். கை செய்துவிட்டது, கண் ஒரு நாளும் பார்க்கவில்லை. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் வைத்த ட்ரீமும் டியில் ஆரம்பித்து எம்மில் முடிகிற வார்த்தைதான். நான் சாப்பாட்டுக்கு ஓடாமல் அன்றே வலது பக்கமும் ஒட்டி, மாரியைக் கூப்பிட்டு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்தால், அவனுடைய எம் அணியத்தில் நின்றிருக்கும், சண்டையே வந்திருக்காது. அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் வந்தது, என் மண்டையில் நானே ஒன்று போட்டுக்கொள்ளவும் தோன்றியது.

பரிமளா இரண்டு பேரையும் தனித்தனியாக வரச் சொல்லியிருந்தாள். மாரி முதலில் வந்தான். ஊர்ப்பக்கமாக வந்தவன் இடது பக்கத்தைப் பார்த்து, எழுத்துக்கூட்டிப் படித்து, பெயரில் முகம் சுளித்தாலும் எம்மைப் பார்த்துச் சமாதானமானான். பின்னாலேயே துரை வந்தான். மாரியைப் பார்த்ததும் திரும்பப் போனவனை நான் கையைப் பிடித்து இழுத்து வலது பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன். துரை அணியத்துக்கு அருகில் போய் டியைத் தடவிப் பார்த்தான்.

“நான் முன்னால கீறேன்” என்றான்.

அதைக் கேட்டு மாரி சுற்றிக்கொண்டு வந்தான். பார்த்ததும் அவன் முகம் மாறியது. துரை உடனே இடது பக்கம் போய்ப் பார்த்தான், அவன் முகமும் மாறியது. இரண்டு பேரும் படகை எதிரெதிர்த் திசையில் இரண்டு தடவை சுற்றினார்கள். ஒருத்தரோடு ஒருத்தர் பேசக்கூடாதே, அதனால் இரண்டு பேரும் என்னிடம் பேசினார்கள்.

“அண்ணாத்த, ஊர பாத்து கீறது எந்தப் பக்கம்னு அவனாண்ட கேளு. அதான் மெயின் பக்கம்” என்றான் மாரி.

“வடக்கால போய்ட்டு திரும்பி வரும்போ எந்தப் பக்கம் ஊர பாக்கும்னு நீ அவனாண்ட கேளு” என்றான் துரை.

நான் கேட்கிற நிலையில் இல்லை. இரண்டு எருமை மாடுகளை வைத்துக்கொண்டு தாயம் ஆடுவதுபோல் இருந்தது. அப்போது மாரிதான் தற்செயலாக நடுவில் கையை வைத்தான்.

“இது யாரு பி? பேரு மூணு பேருக்கா?”

“ஆமா, யாரு அது பி?” என்றான் துரையும்.

பரிமளா அதுவரை வண்டிப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். நேராக வந்து படகின் அணியத்துக்கு முன்னால், இருவருக்கும் எதிரில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“நான்தான். பன்னெண்டு நாளா எம்மு, டின்னு அட்ச்சிக்கறீங்களே, நடுவுல ஒருத்தி மாட்டிகினு கீறாளேன்னு ரெண்டு பேருல ஒருத்தருக்காவது தோணுச்சா? இந்தப் பக்கம் நீ முன்னால, அந்தப் பக்கம் எங்கண்ணன் முன்னால. எந்தப் பக்கம் வந்து பாத்தாலும் நான் நடுவுலதான் கீறேன். எனுக்கு முன்னால போவணும்னு ஆச இல்ல. ஞாயித்துக்கெழம எம் பொண்ணு ஒக்கார ஒரு மடி வோணும், அத புடிக்க பக்கத்துல அப்பன் வோணும். அது இல்லன்னா இத பிச்சிப் போடுங்க. இந்த தபா மூணு எழுத்தையும் சேத்து பிச்சிடுங்க.”

சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு மீன் விற்கப் போய்விட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் வடக்கே போனான், ஒருவன் தெற்கே போனான். நான் கத்தியையும் துணியையும் பொறுக்கிக்கொண்டு கடைக்கு வந்தேன். மனசே சரியில்லை.

அன்று சாயங்காலம் போய்ப் பார்த்தேன், ஸ்டிக்கர் இருந்தது. மறுநாளும் போய்ப் பார்த்தேன், இருந்தது. வைஷாலி தினமும் காலையில் படியேறும்போதே, “ஒட்டிட்டு இருக்குதாங்க?” என்று கேட்பாள். ஆட்டத்தில் இருவருக்கும் கவனமே இல்லை. ஒரு சாதாரண வார்த்தைக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஆறாவது முயற்சி வரை போனோம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வைஷாலியும் வந்தாள். பாப்பாவுக்கு மொட்டை போட்டுச் சந்தனம் தடவியிருந்தார்கள். காது குத்தும் பத்தர் கம்பியைச் சுத்தம் செய்து தயாராக வைத்திருந்தார். ஒன்றுவிட்ட மாமன் புது வேட்டி கட்டி, மடியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தே விட்டார். துரையைக் காணோம். அரை மணியாக மாரியையும் காணோம். நல்ல நேரம் முடியப் போகிறது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். பரிமளா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் வாசலைப் பார்த்தபடி நின்றாள். அவளைப் பார்க்கவே எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. மாரி இறங்கினான். பின்னாலேயே துரை, கையில் தாம்பாளத்தோடு இறங்கினான். பட்டுப் பாவாடை, வளையல், பழம், நடுவில் ஒரு சின்ன நகைப்பெட்டி. மாரி போய்த்தான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வீட்டு வாசலில் என்ன பேசினான், யார் முதலில் பேசினார்கள் என்று நான் பிற்பாடு எவ்வளவு துருவிக் கேட்டும் இருவரும் சொல்லவில்லை. பரிமளா அண்ணனைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அங்கேயே விசும்பி விசும்பி அழுதுவிட்டாள். ஒன்றுவிட்ட மாமன் யாரும் சொல்லாமலே எழுந்து இடம் விட்டார்.

துரை சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பாப்பாவை மடியில் வைத்தார்கள். மாரி எதிரில் குந்தி, பாப்பாவின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டான்.

“எந்தக் காது முதல்ல?” என்று பத்தர் கேட்டார்.

இந்தப் பாழாய்ப்போன கேள்வியை இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தா கேட்பது.

“மச்சான் சொல்லட்டும்” என்றான் மாரி.

“மாப்ள சொல்லட்டும்” என்றான் துரை.

பிறகு இருவரும் சொல்லி வைத்ததுபோல் பரிமளாவை நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் குனிந்து பாப்பாவின் இடது காதைத் தொட்டுக் காட்டினாள். பத்தர் கம்பியை எடுத்தார். பாப்பா வீறிட்டது. குத்துப்பட்டது பாப்பாவுக்கு என்றாலும், துரைதான் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாரி பாப்பாவின் காலிலிருந்து ஒரு கையை எடுத்து அவன் தோளில் வைத்தான்.

“ஒண்ணு முட்ஞ்சிச்சி மச்சான். கண்ணத் தொற.”